நான்கு தோளுக்கும் ஒரே நாடி

உங்கள் மூன்று பேருக்கும் டிரெட்மில்லை இயக்கவும், ஈசிஜி ஒட்டவும், அறிக்கை எடுக்கவும் சொல்லிக் கொடுத்தாயிற்று. அதில் நான் இனிச் சேர்க்க ஒன்றுமில்லை. அடுத்த வாரம் நம் இதய மறுவாழ்வு மையத்தின் மதுரைக் கிளைக்குப் போகிறேன். போவதற்கு முன் உங்களுக்கு எதையாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி சொன்னார் ஜெசிந்தா அக்கா. பிசியோதெரபி பிரிவின் தலைவர் சொல்லிவிட்டால் மறுக்க முடியுமா? "ரிட்டயர் ஆனவங்க எழுதுறதை நீ முப்பத்தொரு வயசுல எழுதப்போற. ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கிட்டு எழுது செல்வம், அப்பத்தான் புள்ளைங்க நம்பும்" என்று கிண்டலும் செய்தார். கண்ணாடி இல்லாமலே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். உங்களில் ஒருவராவது என்னைப் போல இருக்கக்கூடும். உப்பிலியபுரம் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். மருந்துச் சீட்டு, கரண்ட் பில், பூச்சிமருந்து டப்பாவின் பின்பக்கம் எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். நான் படித்துவிட்டால் அப்பா மறுபேச்சுப் பேச மாட்டார். "போட்டிருக்கான்ல, அப்புறம் என்ன?" என்பார். அந்தப் பழக்கத்தோடுதான் இந்த வேலைக்கு வந்தேன். திரையில் ஓர் எண் வந்தால் போட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் என்ன?

கையில் கட்டும் வாட்சின் அடியில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அது தோலுக்குள் ஒளியை அனுப்புகிறது. ரத்தம் பாய்ந்து வரும் கணத்தில் திரும்பி வரும் ஒளி குறையும். ரத்தம் வடியும் கணத்தில் கூடும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் வாட்ச் இதயத் துடிப்பைச் சொல்கிறது. உட்கார்ந்திருக்கும் ஆளிடம் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். நடக்கிற, ஓடுகிற ஆளிடம் கை அசைகிறது, தசை இறுகுகிறது, வாட்ச் தோலை விட்டு விலகி விலகி ஒட்டுகிறது. அதனாலும் ஒளி ஏறி இறங்கும். எது ரத்தம், எது அசைவு என்று வாட்ச் ஊகிக்கத்தான் செய்கிறது.

நான் சேர்ந்த புதிதில் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார். அந்த மஞ்சள் கயிற்றின் மேலேயே வாட்சைக் கட்டிவிட்டோம். கயிறு வாட்சைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, இடுக்கு வழியாக டியூப்லைட் வெளிச்சம் உள்ளே புகுந்துவிட்டது. மனிதர் வேர்த்து விறுவிறுத்து நடக்கிறார்; திரை அவர் தூங்குவதாகச் சொல்கிறது. "சார், உங்க மிஷின் சொல்றதைப் பார்த்தா நான் வீட்டுக்கே போக வேணாம் போலிருக்கே, இங்கயே பாயைப் போட்டுரலாமா?" என்றார். காப்பை அவிழ்க்கச் சொல்ல முடியாது. வாட்சை முழங்கைப் பக்கமாக ஏற்றிக் கட்டினோம், சரியாகிவிட்டது. இப்படிச் சிரிப்பு வரவழைக்கிற எண்ணால் யாருக்கும் ஆபத்தில்லை, அதை யாரும் நம்பப் போவதில்லை. நம்பும்படியாக வருகிற எண் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து பார்த்தசாரதி என்பவர் வந்தார். ஐம்பத்திரண்டு வயது, ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கர். நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அவர் வீட்டருகே உள்ள சிறிய பெருமாள் கோயில் ஒன்றில் அவர் ஸ்ரீபாதம் தாங்குபவர். அதாவது, உற்சவ காலத்தில் பெருமாளைப் பல்லக்கில் வைத்துத் தோளில் சுமந்து வீதி வலம் வருபவர். அந்தக் கோயில் பல்லக்கு சிறியது, நான்கு பேர் போதும். முன்தண்டில் இடதுபக்கம் அவருடைய இடம். அவர் தந்தை நின்ற இடம் அது.

முதல் நாள் விவரம் கேட்டு எழுதத் தொடங்கியபோதே என் பேனாவை நிறுத்தினார்.

"தம்பி, மத்ததெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம். நான் மறுபடி பெருமாளை ஏளப்பண்ணலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கோ."

சுமப்பதை அவர்கள் சுமப்பது என்று சொல்வதில்லை, ஏளப்பண்ணுவது என்பார்கள். எழுந்தருளச் செய்வது என்பது சுருங்கி அப்படி ஆகியிருக்கிறது.

"டாக்டர் பார்த்துட்டுத்தான் சார் சொல்ல முடியும்."

"அப்போ டாக்டர் பார்க்கற வரைக்கும் நான் வாயைத் திறக்கலை" என்று சொல்லிவிட்டு, மூச்சுவிடாமல் பேசினார். அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. அடுத்தடுத்து இரண்டு ஆண்டு உற்சவத்துக்குத் தோள் கொடுக்காதவர் தன் இடத்தை அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும். யாரும் மீறியது கிடையாது. போன உற்சவத்தின்போது அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். வரப்போகும் உற்சவத்திலும் சுமக்காவிட்டால் முன்தண்டு கைவிட்டுப் போகும்.

கூட வந்திருந்த அவர் மனைவி கோமளா அம்மாள் தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். நேர்மாறாக இருந்தது.

"என்னைக் கேட்டா, தூக்கட்டும்னுதான் சொல்வேன். ஆத்துல படுத்துண்டு சீலிங் ஃபேனையே பார்த்துண்டிருக்கார். ஃபேன் கழண்டு விழுந்தாத்தான் எழுந்திருப்பார் போலிருக்கு. இவருக்கு நெஞ்சு அடைச்சதைவிட வாய் அடைச்சுப் போனதுதான் எனக்குப் பயம்மா இருக்கு."

"வாய் எங்கேடி அடைச்சுது? இப்பவும் பேசிண்டுதானே இருக்கேன்?"

"இங்க பேசறேள். ஆத்துல?"

டிரெட்மில்லில் அவர் நன்றாகவே நடந்தார். ஆனால் வெறுங்கையோடு நடப்பது வேறு, தோளில் பாரத்தோடு நடப்பது வேறு என்று நம் டாக்டர் அம்மா தயங்கினார். பாரத்தை ஏற்றிக்கொண்டு ஒத்திகை பார்க்கட்டும், துடிப்பு நூற்றிருபதைத் தாண்டாமல் இருந்தால் அனுமதி தருகிறேன் என்றார். ஒத்திகையின்போது மார்புப் பட்டை கட்டி அளப்பதுதான் முறை. அதற்குப் பார்த்தசாரதி இணங்கவில்லை. குளித்து, உடம்பில் பன்னிரண்டு இடத்தில் திருமண் இட்டுக்கொண்டுதான் அவர்கள் தண்டைத் தொடுவார்கள். மார்பிலும் வயிற்றிலும் அது இருக்கும். "அதுமேல பட்டையைக் கட்டி அழிக்கச் சொல்லாதீங்கோ தம்பி, வேற எதை வேணா கட்டுங்கோ" என்றார். மணிக்கட்டில் திருமண் கிடையாது. அதனால் வாட்ச்.

சாயங்காலங்களில் நான் பஸ் பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டிப் போவேன். கோயில் நந்தவனத்து மதிலோரம் ஒத்திகை நடக்கும். தண்டுகளின் மேல், பல்லக்கின் இடத்தில் மணல் மூட்டைகள். நான்கு பேரும் ஒரே கணத்தில் குனிந்து, ஒரே கணத்தில் நிமிர்ந்து, ஒரே அடியாக எடுத்து வைப்பார்கள். ஒருவர் கால் பிந்தினாலும் பல்லக்கு குலுங்கும் என்பதால் அந்த நடையில் அவர்கள் காட்டும் கவனம் அசாத்தியமானது. நான் மதிலில் சாய்ந்து, வாட்சின் எண்கள் வந்து விழும் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நூற்றைந்து, நூற்றாறு, நூற்றேழு. ஒவ்வொரு சாயங்காலமும் அப்படித்தான். டாக்டர் அம்மா அறிக்கைகளைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார், அனுமதி கொடுத்தார். மறுநாள் பார்த்தசாரதி ஒரு பெரிய தூக்கு நிறையப் புளியோதரை கொண்டுவந்து மையத்தில் எல்லாருக்கும் கொடுத்தார். ஜெசிந்தா அக்கா பாலக்கரையில் இருக்கும் தன் வீட்டுக்கும் ஒரு டப்பா எடுத்துப் போனார்.

உற்சவத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடைசி ஒத்திகை. அனுமதி கிடைத்துவிட்டதால் நான் போகவேண்டிய அவசியம்கூட இல்லை. பார்த்தசாரதி கூப்பிட்டார், போனேன். அவருக்கு வாட்ச் கட்டிக்கொண்டிருந்தபோது பின்தண்டுக்காரர் கிருஷ்ணமாச்சாரி தன் கையை நீட்டினார். அறுபதை நெருங்குபவர், கனத்த உடம்பு, கேலி செய்யாமல் அவரால் இருக்க முடியாது.

"ஏன் தம்பி, அவருக்கு மட்டும்தான் ஹார்ட் இருக்கா? எங்களுக்கெல்லாம் அந்த இடத்துல என்ன, தேங்காயா?"

என் பையில் இன்னும் மூன்று வாட்ச் இருந்தது. விளையாட்டாகத்தான் கட்டினேன். கிருஷ்ணமாச்சாரிக்கு ஒன்று. முன்தண்டில் வலதுபக்கம் நிற்பவருக்கு ஒன்று. சம்பத்துக்கு ஒன்று. சம்பத் வங்கி ஊழியன், இருபத்தாறு வயது, தினம் காலையில் ஷட்டில் ஆடுகிறவன். அந்த வருடம்தான் அவனைப் பின்தண்டில் சேர்த்திருந்தார்கள்.

தூக்கினார்கள். நடந்தார்கள். டேப்பில் நான்கு வரி வந்தது.

நூற்றாறு, நூற்றாறு, நூற்றேழு, நூற்றாறு.

உரக்கப் படித்துச் சொன்னேன். நடந்துகொண்டே சிரித்தார்கள்.

"பார்த்தேளா!" என்றார் கிருஷ்ணமாச்சாரி. "பெருமாள் மேலே ஏறி உட்கார்ந்துட்டா நாலு பேரும் ஒரே உடம்புங்காணும்!"

"மாமா, இப்ப மேலே உட்கார்ந்திருக்கறது மணல் மூட்டை" என்றான் சம்பத்.

"வாயை மூடிண்டு நடடா. மூட்டைக்கும் காது இருக்கு."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நிமிர்ந்து அவர்களைப் பார்த்தேன். சம்பத் வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். கிருஷ்ணமாச்சாரி பேசி முடித்த கையோடு வாயைப் பிளந்து மூச்சு வாங்கினார். இந்த இரண்டு பேருக்கும் எப்படி ஒரே எண்?

அந்த நேரம் பார்த்து நடையை மாற்றினார்கள். தெரு முனையில் திரும்பியதும் சற்று வேகமாகப் போவது வழக்கமாம், அதை ஒத்திகை பார்த்தார்கள். டேப்பில் நான்கு எண்ணும் ஒரே நேரத்தில் நூற்றுப் பதினாறுக்குத் தாவின. இதயம் அப்படித் தாவாது. வேலை கூடினால் அது மாடிப்படி ஏறுகிற மாதிரி ஒவ்வொன்றாகத்தான் ஏறும், ஆளுக்கு ஆள் ஏறும் விதமும் வேறு. சட்டென்று தாவியது கால்கள் மட்டும்தான். நான்கு பேரும் ஆளுக்கொரு கையால் தண்டை இறுகப் பிடித்திருக்கிறார்கள். இறுகிய மணிக்கட்டில் நாடி மங்கிவிடும். நான்கு பேரின் அடியும் ஒன்றாக விழும் அதிர்வோ தண்டு வழியாக நான்கு மணிக்கட்டுக்கும் பலமாக வந்து சேரும். பலமாக வந்ததை வாட்ச் எண்ணிக்கொண்டிருந்தது. இத்தனை சாயங்காலமும் நாங்கள் பார்த்துத் தலையாட்டியது அவர்களுடைய நடையின் கணக்கு.

"சார், எல்லாரும் அப்படியே கொஞ்சம் நில்லுங்க. கீழ இறக்க வேணாம். தோள்லயே இருக்கட்டும்" என்றேன்.

நின்றார்கள். எண்கள் சில கணம் தடுமாறின, ஒரு வரி அழிந்து மறுபடி வந்தது. பிறகு பிரியத் தொடங்கின. சம்பத் தொண்ணூற்றெட்டு. முன்தண்டு வலதுபக்கத்தவர் நூற்றுப் பதினேழு. கிருஷ்ணமாச்சாரி நூற்று இருபத்தொன்பது. பார்த்தசாரதி நூற்று நாற்பத்து மூன்று.

முந்தைய ஒத்திகைகளில் இது ஏன் கண்ணில் படவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நின்றதும் மூட்டையை இறக்குவார்கள், பதிவும் நின்றுவிடும். ஓரிரு முறை, பதிவு நிற்பதற்குள் எண் மேலே குதித்திருக்கிறது. ஓய்வெடுக்கும்போது துடிப்பு ஏறுவதாவது, அது இடைஞ்சலாகத்தான் இருக்கும் என்று மென்பொருளே அதை வெட்டிவிட்டது. பார்க்க நியாயமாகத்தான் இருந்தது.

"என்ன தம்பி, நூத்தியாறுதானே?" என்றார் பார்த்தசாரதி. முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் இடம் இது. டேப்பை என்னைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. அனுமதியில் டாக்டர் கையெழுத்து இருக்கிறது. நின்றபோது வந்த எண்தான் தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் வழி இருந்தது. எதிரில் நான்கு மனிதர்கள், எனக்குத் தெரியாத ஆயிரம் விஷயம் தெரிந்தவர்கள், என்னை நம்பிச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். எல்லாரும் விரும்புகிற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அது இல்லை என்று சொல்ல வாய் எழாது. யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டால் சொல்லாமலே போய்விடுவேன் என்று தோன்றியது.

"இல்லை சார். கீழ இறக்குங்க" என்றேன்.

அவரை மட்டும் மதிலோரம் உட்காரவைத்து டேப்பைக் காட்டினேன். ஒளி, அதிர்வு, தண்டு எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். கணக்கர் அல்லவா, சீக்கிரம் பிடித்துக்கொண்டார்.

"அப்போ இத்தனை நாளும் இது எண்ணினது என் காலடியை."

"ஆமா சார்."

"இன்னிக்கு மத்தவாளுக்கும் கட்டாம இருந்திருந்தா?"

"தெரிஞ்சிருக்காது."

"தெரியாமலே இருந்திருக்கலாம்" என்றார்.

இப்படி ஒரு பேச்சு வரும்போது பதில் சொல்ல முயலாதீர்கள். அது உங்களைப் பார்த்துச் சொன்னதல்ல.

டேப்பை என் பக்கம் நகர்த்திவிட்டு, "டாக்டர்ட்ட சொல்லாம இருக்க முடியுமா?" என்றார்.

"முடியாது சார். ஆனா உங்களுக்குத் தெரியாம அவங்ககிட்ட போய்ச் சொல்லவும் எனக்கு மனசு வரலை. அதான் முதல்ல உங்ககிட்ட."

அங்கிருந்தே ஜெசிந்தா அக்காவுக்குப் போன் செய்தேன். படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அவரு இப்ப உட்கார்ந்திருக்காரா? தண்ணி குடிச்சாரா?"

குடித்தார் என்றேன்.

"சரி, இப்ப நீ மூச்சு விடு. வாட்ச் நடையை எண்ணுச்சுங்கிறது உனக்கு நிச்சயம். அவரோட நாடி நூத்தி நாப்பத்து மூணுங்கிறது உனக்கு எப்படி நிச்சயம்? அதையும் அதே வாட்ச்தானப்பா சொல்லுச்சு? உனக்குப் பயமா இருக்குற நம்பருங்கிறதுக்காக அது உண்மையாயிடாது. நாளைக்குக் காலைல குளிச்சதும் நேரா இங்க வரச்சொல்லு. நாமம் இங்க வந்து போட்டுக்கட்டும். ஈசிஜியில பார்த்துருவோம்."

நான் இந்த மையத்தில் கற்றுக்கொண்டதில் பாதி அந்த ஒரு போனில் இருக்கிறது. ஒரு எண் பொய்த்துவிட்டால், அதன் எதிரில் நிற்கிற எண்ணை உடனே மெய்யென்று பிடித்துக்கொள்ளத் தோன்றும். இரண்டையும் தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

மறுநாள் அவரும் கோமளா அம்மாளும் வந்தார்கள். திருமண் பெட்டியையும் சின்னக் கண்ணாடியையும் ஒரு துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். வெறும் மார்பில் ஈசிஜி ஒட்டி, இடுப்பில் கருவியைச் செருகி, இடது தோளில் மணல் மூட்டையை ஏற்றிக்கொண்டு நம் நீண்ட வராந்தாவில் நடந்தார். மூட்டையைப் பிடித்த கையில் அதே வாட்ச். டாக்டர் அம்மா, அக்கா, நான், கோமளா அம்மாள் எல்லாரும் திரையைப் பார்த்தோம். அவர் திரும்பி வரும்போதே ஈசிஜி நூற்றிருபதைத் தாண்டியிருந்தது. அடுத்த நடையில் நூற்று நாற்பதுக்கும் மேலே. வாட்ச் நூற்றைந்து என்றது. டாக்டர் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்த உற்சவத்துக்கு வேண்டாம் பார்த்தசாரதி" என்றார். "போன தடவை சரின்னு சொன்னதும் நான்தான். இப்ப வேண்டாம்னு சொல்றதும் நான்தான். உங்க மனசு என்ன பாடுபடும்னு தெரியுது."

பார்த்தசாரதி ஒட்டியதையெல்லாம் எடுத்துவிட்டு, உள்ளே போய்க் கண்ணாடியைச் சன்னலில் சாய்த்துவைத்து, பன்னிரண்டு இடத்திலும் நிதானமாகத் திருமண் இட்டுக்கொண்டார். அடுத்து வரவேண்டியவர்கள் காத்திருந்தார்கள். அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை.

வெளியே கோமளா அம்மாள் என்னிடம், "உங்க மேல எனக்குக் கோபம் இல்லை தம்பி" என்றார். இரண்டடி போய்த் திரும்பி, "இருக்கு. கொஞ்சம். போயிடும்" என்றார்.

உற்சவத்தன்று என்னை யாரும் அனுப்பவில்லை. விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். மேளச் சத்தம் கேட்ட பக்கம் நடந்தேன். முன்தண்டில் இடதுபக்கம் சம்பத் நின்றான். அவன் முகத்தில் சந்தோஷமே இல்லை, பயம்தான் இருந்தது. பின்தண்டில் அவன் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். பார்த்தசாரதி பல்லக்கின் பக்கத்தில், தோளில் வெறும் அங்கவஸ்திரத்தோடு நடந்து வந்தார். முதல் மண்டகப்படியில் பல்லக்கு நின்றதும் கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டார். நேரே வந்து கையை நீட்டினார்.

"வாட்ச் இருந்தா உள்ளே வையுங்கோ. கையால பாருங்கோ."

விரல் வைத்தேன். வேகமாக ஓடியது.

"சுமக்காமலே இப்படி ஓடறதே தம்பி?"

"சுமக்காததாலதான் சார்."

அவர் பல்லக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். தீபாராதனை முடிந்தது. நான்கு பேரும் குனிந்து நிமிர்ந்தார்கள். மேளம் எழுந்தது. பல்லக்கு நகர்ந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன்; விட்டுவிடவும் தயாராக இருந்தேன். அவர் இழுக்கவில்லை. சம்பத்தின் தோளில் தண்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் கண்ணால் தொடர்ந்தார். கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. விரலை எடுக்காமல் நின்றேன். கொஞ்சம் கொஞ்சமாக, படி இறங்குவது போல, நாடி இறங்கியது.

"இறங்கிடுத்தா?"

"இறங்கிடுச்சு சார்."

"பையன் நன்னாத்தான் ஏளப்பண்றான்" என்றார். "இடது காலைக் கொஞ்சம் வெளியே வைக்கறான். சொன்னா சரிபண்ணிண்டுடுவான். வாங்கோ, வேகமா நடந்தா பிடிச்சுடலாம்."

"மெதுவா நடந்தாலும் பிடிச்சிடலாம் சார். அடுத்த மண்டகப்படியில நிப்பாங்க."

மெதுவாக நடந்தோம்.

முன்தண்டு இப்போது சம்பத்துடையது. அதில் மாற்றமில்லை, அவர் கேட்கவும் இல்லை. ஆனால் உற்சவம் முடிந்த வாரமே மையத்துக்கு வந்து, "தோள்ல பாரம் வெச்சு நடக்க எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?" என்று கேட்டார். சின்னப் பையில் கொஞ்சம் மணலில் தொடங்கினோம். குளித்ததும் நேராக வருகிறார், மார்புப் பட்டை கட்டிக்கொள்கிறார், முடிந்த பிறகு உங்கள் அறைச் சன்னலில் கண்ணாடியைச் சாய்த்துவைத்துத் திருமண் இட்டுக்கொள்கிறார். மூட்டையின் எடை கூடியிருக்கிறது, துடிப்பு முன்பு போல் பாய்வதில்லை. இன்னும் எல்லைக்குள் முழுதாக வரவில்லை. வரும் என்றும் வராது என்றும் நான் சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமைகளில் வருவார். இனி உங்கள் ஆள். புளியோதரை கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அக்காவுக்கு எடுத்து வையுங்கள். எண் நன்றாக வந்தால் அதை ஒருமுறை சந்தேகப்படுங்கள். நிற்கச் சொல்லிப் பாருங்கள், பாரத்தை மாற்றிப் பாருங்கள், நடையை மாற்றிப் பாருங்கள். மோசமாக வந்தாலும் அதே மாதிரி சந்தேகப்படுங்கள். எதுவானாலும் முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

கிருஷ்ணமாச்சாரிக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டதாம், இன்னும் ஓர் உற்சவம்தான் தாங்கும் என்கிறார்கள். பின்தண்டில் ஓர் இடம் காலியாகும். அப்போது பார்த்தசாரதி உங்கள் எதிரில் உட்கார்ந்து, ஏளப்பண்ணலாமா, கூடாதா என்று கேட்பார். நான் அங்கே இருக்க மாட்டேன். பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.